ஹீட்டர் விளக்கு அணையட்டும்

சென்ற வியாழக்கிழமை காலை காதர் பாயின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. "வண்டி எப்படி இருக்கு சார்?" என்ற குரலை எதிர்பார்த்து எடுத்தேன். பேசியது அவர் மகள் பாத்திமா. "அத்தா மௌத்தாயிட்டாவ சார். சாயந்திரம் அசர் தொழுகைக்குப் பொறவு அடக்கம்," என்றாள். வந்துவிடுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் அவரிடம் துணி எடுத்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்கு அவரைத் தெரிந்தது மூன்று ஆண்டுகள்தான், அதுவும் ஒரு காரால். கண்பார்வை போனதும் தம் பழைய டீசல் காரை விற்றார். ஓய்வுபெற்ற பிறகு அறுபத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்ட நான் அதை வாங்கினேன். சாவியைக் கொடுக்கும்போது பானட்டை ஒருமுறை தடவிப் பார்த்தார். "சத்தத்துலயே எல்லாத்தையும் சொல்லிரும் சார். காது குடுத்தாப் போதும்," என்றார்.

காது கொடுத்தேன், நோட்டும் போட்டேன். ராஜபாளையத்துக்குக் கொண்டுவந்த மறுவாரமே வண்டி காலையில் கிளம்ப மறுத்தது. நாலைந்து முறை திருகினால் உலுக்கிக்கொண்டு எழும். வெள்ளைப் புகை தெருவை மூடும். பதினோரு நாள் குறித்துவைத்தேன். நோட்டைப் பார்த்த ஒரு பட்டறைக்காரர் பானட்டைத் திறக்காமலேயே, "இன்ஜின் வேலை சார். நல்லா உங்க தலையில கட்டிட்டாவ," என்றார்.

நேரில் போய்க் கேட்க எனக்குத் துணிவு கிடையாது. கடிதம் எழுதினேன். புகையைத் தேதிவாரியாக விவரித்து, 'தாங்கள் குறையை மறைத்து விற்பீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை' என்று முடித்தேன். தபால் பெட்டியில் போட்ட பிறகுதான் உறைத்தது: அவரால் படிக்க முடியாது. யாராவது அவருக்கு அதை உரக்கப் படித்துக்காட்ட வேண்டும்.

படித்தவள் பாத்திமா. மூன்றாம் நாள் விடிந்ததும் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு என் வாசலில் வந்து நின்றார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்காம் சார். புள்ள ஒரு எடத்துலயும் தடங்காமப் படிச்சிட்டா."

என் முகம் போன போக்கை அவர் பார்க்கவில்லை. பாத்திமா பார்த்தாள்.

முன் இருக்கையில் அமர்ந்து, "எப்பவும்போல எடுங்க," என்றார். திருகினேன். அதே இருமல், அதே புகை.

"ஏன் சார் இம்புட்டு அவசரம்? ஹீட்டர் விளக்கு அணையட்டும்."

"எந்த விளக்கு?"

என் பக்கம் முகத்தைத் திருப்பினார். பிறகு சாவியை முதல் திருகிலேயே நிறுத்தச் சொன்னார். சுருள் வடிவில் மஞ்சளாக ஒரு சிறு விளக்கு எரிந்தது. அது எரியும் நேரத்தில்தான் உள்ளே ஹீட்டர் பிளக் சூடாகிறது. அணைந்த பிறகே கிளப்ப வேண்டும். அணைந்தது. திருகினேன். ஒரே முறையில் இன்ஜின் எழுந்தது.

டீசலை எரிப்பது தீப்பொறி அல்ல, வெப்பம் என்று முப்பது ஆண்டுகள் இயற்பியல் வகுப்பில் படம் வரைந்து விளக்கியவன் நான். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். "தப்பு எம் பேர்லதான் சார். இருவது வருசமா கை அங்க தானா நிக்கும். இதைச் சொல்லணும்னே தோணல."

கடிதத்தையாவது திருப்பித் தரும்படி கெஞ்சினேன். "எனக்கு வந்த லெட்டர நான் எதுக்குக் குடுக்கணும்?" என்று சிரித்தார்.

அதைக் கேட்டு வாங்கத்தான் அடுத்த மாதம் காரில் அவர் வீட்டுக்குப் போனேன். "பத்திரமா இருக்கு. அடுத்த தடவ பாப்போம்," என்றார். இப்படியே மாதம் ஒரு ஞாயிறு. ஒவ்வொரு முறையும் இன்ஜினை ஓடவிட்டு, பானட்டில் உள்ளங்கையை வைத்துக் கேட்பார். "பெல்ட்டு கத்துது, மாத்திருங்க." பிறகு இருவரும் ராஜபாளையம் சாலையில் ஒரு சுற்றுப் போவோம். நான் கியர் மாற்றத் தயங்கினால், "வண்டி அழுவுது சார், மூணுல போடுங்க," என்பார்.

அடக்கம் முடிந்ததும் பாத்திமாவிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: அவருடைய பொருள்களில் அந்தக் கடிதம் கிடைத்தால், வேறு யார் கண்ணிலும் படுவதற்கு முன் கிழித்துவிட வேண்டும்.

"அத அன்னைக்கே திரும்பி வாறப்ப பஸ்லயே கிழிச்சுப் போட்டாவ சார்."

"பிறகு ஏன் அப்படிச் சொன்னார்?"

"லெட்டரக் கேக்கதுக்காவது சார் வண்டிய எடுத்துட்டு வருவாருன்னாவ. இல்லன்னா நீங்க கூச்சப்பட்டு இந்தப் பக்கமே வர மாட்டியளாம்."

உண்மைதான். வந்திருக்க மாட்டேன்.

அடுத்த மாத ஞாயிறும் போவதாகப் பாத்திமாவிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன். சாவியைத் திருகியபோது கை முதல் திருகில் தானாக நின்றது. அவர் கைப்பழக்கம் என் கைக்கு வந்திருந்தது. விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருந்தேன்.