அக்கா உடை என்று சொன்ன மரம்

இந்த நினைவு மலரில் எழுதிய எல்லோரும் அக்காவைப் புகழ்ந்தே எழுதியிருக்கிறார்கள். எழுதட்டும், அத்தனையும் உண்மைதான். ஆனால் அவருக்கு ஒரே தங்கையாக வாழ்வது என்ன பாடு என்று அவர்களுக்குத் தெரியாது. அக்காவின் மகள் என்னிடமும் ஒரு கட்டுரை கேட்டபோது, எழுதினால் என் எரிச்சலையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்றேன். பிள்ளை சிரித்துக்கொண்டு சம்மதித்தாள்.

அக்கா உயிலங்குளத்துக்கு அருகே ஒரு வயற்கரை வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளில் அவர் சமைப்பார், நாற்று நடுவார், ஆடு பார்ப்பார், கோயிலில் தேவாரமும் படிப்பார். நான் எதைத் தொட்டாலும் அதை அவர் எனக்கு முன்பே, என்னைவிட வடிவாகச் செய்திருப்பார். அம்மா என்னை அடித்ததே இல்லை. "அக்காவைப் பார்" என்று மட்டும் சொல்லுவார். அதைவிட நாலு அடி போட்டிருக்கலாம்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாலும் அந்த முள் மரக் கதையை மட்டும் என்னால் பொறுக்க முடிந்ததில்லை. எங்கள் ஊரில் முள் இருந்தால் வேல். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. அக்கா அப்படியில்லை. பட்டை கறுத்து வெடித்து, மஞ்சள் உருண்டைப் பூப் பூத்து, மணி கோத்ததுபோலக் காய் தொங்கினால் கருவேல் என்பார். தலை தட்டையாகக் குடைபோல விரிந்து நீட்டு வெள்ளை முள் இருந்தால் உடை. அதன் பூ முள்ளுக்கு நடுவே கொம்போடு ஒட்டி வெள்ளையாக இருக்கும். வெள்வேலுக்குப் பட்டை வெளுப்பு, பூ கொம்பின் நுனியில் பெரிய பெரிய கொத்தாக வெண்மஞ்சளாய் வரும். வேலிக்கு எந்தக் கட்டை, அடுப்புக்கு எந்த விறகு என்று கேட்டுக்கொண்டு ஊர்ப் பெண்கள் அவரிடம்தான் வருவார்கள். கல்யாணமாகி நான் நானாட்டானுக்குப் போன பிறகும் விடவில்லை. என் கணவர் மண்வெட்டிக்குப் பிடி போட மரம் பார்க்கவும், "அக்காட்டை ஒருக்காக் கேட்டிட்டு வாறன்" என்று சைக்கிளை எடுப்பார். நானும் அதே ஆடுகளின் பின்னால் திரிந்தவள்தானே, என்னைக் கேட்டால் வாயில் முத்து உதிர்ந்துவிடுமா?

பிறகு இடப்பெயர்வு. மடு, வன்னி, கடைசியில் செட்டிகுளம் முகாம். அந்த ஓட்டத்தில் அத்தானை இழந்து அக்கா விதவையானார். என் கணவர் ஒரு காலை இழந்தார். அம்மா முகாமிலேயே கண்ணை மூடினார். காணி உறுதிப் பத்திரமும் வழியில் எங்கோ போய்விட்டது.

மிதிவெடி எடுத்து முடிந்ததும் எங்களை ஊருக்கு விட்டார்கள். அம்மாவின் காணி எங்கள் இருவருக்கும் சீதனமாகச் சொல்லப்பட்டது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குக் காணி பிரிக்கும்போது ஒரு மரத்தை எல்லையாகச் சொல்லிவிடுவார்கள். எல்லை மரத்தில் யாரும் கத்தி வைக்க மாட்டார்கள், வைத்தால் பாவம். அம்மா சொன்னது, வெள்வேலுக்கு வடக்கே மூத்தவளுக்கு, தெற்கே இளையவளுக்கு என்று. அம்மா இருந்த காலத்தில் எல்லாம் ஒரே வளவு, ஒரே கிணறு. அதனால் எந்த மரம் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. கிணற்றடியில் ஒரு வெள்வேல் நின்றது என் நினைவில் இருந்தது. கிணற்றுக்கு எந்தப் பக்கம் என்பது மட்டும் மறந்துபோய்விட்டது.

அப்போதுதான் அரசாங்க வீட்டுத்திட்டம் வந்தது. அவரவர் காணியில் அவரவர் வீடு கட்ட வேண்டும், எல்லை தெரிய வேண்டும். கிராம அதிகாரியான விதானையார் வந்து பார்த்தபோது வளவு முழுக்க முள்ளுக் காடு. காட்டை வெட்டியதும் கிணற்றடியில் பழைய மரமாக மிஞ்சியவை இரண்டு. கிணற்றுக்குத் தெற்கே ஒன்று உயிரோடு நின்றது. யாரோ அதன் கீழே நெடுநாள் அடுப்பு மூட்டியதில் அடிமரம் முழுக்கப் புகை பிடித்துக் கறுத்திருந்தது. தலையும் முறிந்திருந்தது. வெயில் காலம், இலையுமில்லை பூவுமில்லை. வடக்கே நின்றது எரிந்துபோன ஒரு கட்டை. தெற்கு மரம் வெள்வேல் என்றால் கிணறு அக்காவுக்கு. வடக்குக் கட்டை வெள்வேல் என்றால் கிணறு எனக்கு.

யாரைக் கேட்பார்கள்? அக்காவைத்தான். என் கிணற்றுக்கும் தீர்ப்புச் சொல்ல அவர்தானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா தெற்கு மரத்தைச் சுற்றி வந்தார், ஒரு முள்ளை ஒடித்துப் பார்த்தார். "இது உடை" என்றார். பிறகு எரிந்த கட்டையில் கை வைத்து, "இதுதான் அம்மான்ரை வெள்வேல்" என்றார்.

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ அக்கா. கிணறு அங்காலை போயிடும்" என்றார் விதானையார்.

"பாத்திட்டன். போகட்டும்."

கிணறு எனக்கு வந்தது. நல்ல தண்ணீர். கால் இல்லாத மனிதரையும் சின்னப் பிள்ளைகளையும் வைத்திருந்த எனக்கு அது பெரிய காரியம். ஆனால் ஊரில் ஒருவராவது என்னிடம் வந்து சந்தோசப்பட்டாரா? தன் கிணறு போனாலும் பொய் சொல்லாத பெண் என்று அக்காவின் பெயரே வாய்க்கு வாய் அடிபட்டது. தண்ணீர் எனக்கு, பெயர் அவருக்கு. அக்கா தன் பக்கத்தில் தோண்டிய கிணற்றில் உவர்த் தண்ணீர்தான் வந்தது. குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு என் வாசலுக்கு வருவார். வருவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது, மறைக்க மாட்டேன்.

போன வருடம் சிறுநீரக நோயில் அக்கா போய்விட்டார். இந்த வருடம் மாரி மழைக்கு முந்தி, தண்ணீர் அள்ளப் போனவள் அண்ணாந்து பார்த்தேன். தெற்கு மரத்தில் ஒவ்வொரு கொம்பின் நுனியிலும் வெண்மஞ்சள் பூ, கொத்துக் கொத்தாக. முள்ளுக்கு நடுவே ஒன்றுகூட இல்லை. வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு அப்படியே இருந்துவிட்டேன்.

அக்கா வருடா வருடம் ஆட்டுக்குக் குழை என்று அந்த மரத்தின் கொம்புகளை வெட்டிக் கொண்டுபோவார். ஆடுகளை விற்ற பிறகு வயலுக்குப் பசளை என்று வெட்டினார். அக்காவின் மகளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "பூ வெடிக்க முந்தி வெட்டவேணும் எண்டு நிப்பா, சின்னம்மா. பிந்தினா என்னைப் பேசுவா" என்றாள். எல்லை மரத்தில் கத்தி வைப்பது பாவம் என்று எனக்கே சொல்லித் தந்தவர், அம்மாவின் மரத்தை ஒவ்வொரு வருடமும் தன் கையால் வெட்டியிருக்கிறார். பொய் சொல்லாத பெண் என்று ஊர் புகழ்ந்தது அவர் சொன்ன பொய்க்குத்தான்.

எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. கிணற்றை உனக்குத் தருகிறேன் என்று நேரே சொல்லியிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். அது அவருக்குத் தெரியும். அதையும் எனக்கு முன்பே யோசித்திருக்கிறார்.

அக்காவின் நோய்க்காலத்தில் கைகொடுத்த வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய அயலவர்களுக்கும், அந்தியேட்டிச் சடங்குக்கும் இந்த ஆண்டுத் திதிக்கும் அடுப்படியில் நின்ற பெண்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அவர்கள் எல்லோரையும் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். கிணற்றுக்குத் தெற்கே நிற்பதுதான் அம்மாவின் வெள்வேல். கிணறு அக்காவின் மகளுக்கு. விதானையாரிடமும் சொல்லிவிட்டேன். இனிக் குடத்தோடு போவது நான்.

வாழ்க்கையில் ஒரு முறையாவது கொடுத்தவள் என்ற பெயர் எனக்கு வரட்டும் என்றுதான் இதை அச்சில் போடச் சொன்னேன். எழுதியதை அக்காவின் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நீங்களும் அம்மா மாதிரியே, சின்னம்மா."

பார்த்தீர்களா, இதிலும் அக்காதான்.