பர்ஸ்லோ உடைத்த டம்ளர்கள்

இங்கிலாந்தின் ஸ்மெதிக் ஊரில் எங்கள் ஜமைக்கா ஜனங்களுக்குள் ஐசில்டா பொமெல்ஸைப் போல மனிதர்களை எடை போடத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆஸ்பத்திரியில் பதினொரு வருஷம் வெள்ளைக்காரர்களின் மூத்திரச் சட்டி கழுவியவள். எவனுடைய பவிசும் அவளிடம் செல்லாது. பெந்தெகொஸ்தே சபைக்காரி, மதுவை முகர்ந்துகூடப் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவள் 1962-ல் சேர்ந்தாற்போல் மூன்று ஞாயிற்றுக்கிழமை பப்புக்குப் போனாள்.

எல்லாம் புருஷன் எஸ்மண்டுக்காகத்தான். இரும்பு வார்க்கும் பவுண்டரியில் உலை முன்னால் வெந்துவிட்டு, கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர்களோடு அந்தப் பப்புக்கு ஒரு பீர் குடிக்கப் போவான். கடைக்காரன் பர்ஸ்லோ காசை வாங்கிக் கல்லாவில் போடுவான், பீரை ஊற்றித் தருவான். இவன் குடித்து வைத்ததும் அந்தக் கண்ணாடி டம்ளரை எல்லாரும் பார்க்க வாளியில் போட்டு உடைப்பான். காசுக்கு மட்டும் தீட்டு இல்லை. பர்ஸ்லோ நல்லவன்தான், மற்ற வாடிக்கைக்காரர்களுக்காகச் செய்கிறான் என்று வெள்ளைக்காரக் கூட்டாளி பெர்ட் சமாதானம் சொல்வான். இந்த மாதிரி நல்லவர்களால்தான் இங்கிலாந்து நிரம்பி வழிகிறது. எங்கள் ஆண்கள் சங்கம் மட்டும் என்ன கிழித்தது? நகரசபைக்கு ஒரு மனு எழுதிவிட்டு டாமினோ ஆடப் போய்விட்டது.

எஸ்மண்ட் இதை ஒரு வருஷம் வீட்டில் சொல்லவில்லை. கடைசியில் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, இந்த ஊரே வேண்டாம், வேறெங்காவது போய்விடலாம் என்றான். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

"ஒரு டம்ளருக்குப் பயந்து வீட்டைக் காலி பண்ணணுமா?" என்றாள் ஐசில்டா. "அவன்கிட்ட மொத்தம் எத்தனை டம்ளர்யா இருக்கு?"



அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஐசில்டாவோடு சேர்த்துச் சபைச் சகோதரிகள் ஏழு பேர், தலையில் தொப்பியும் கக்கத்தில் வேதாகமமுமாக, எஸ்மண்டை முன்னால் விட்டுக்கொண்டு பப்புக்குள் நுழைந்து ஆளுக்கொரு லெமனேட் கேட்டார்கள். குடித்து முடித்ததும் பர்ஸ்லோ ஏழு டம்ளரையும் உடைத்தான். உடனே ஏழு பேரும் இன்னொன்று கேட்டார்கள். அவன் விரட்டியிருக்கலாம். ஆனால் பவுண்டரியில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள், வீட்டுக்குப் பாட்டில் வாங்கிப் போவது அவனிடம்தான்; அந்த வரும்படியை விட அவனுக்கு மனசில்லை. உடைக்காமல் விட்டாலோ வீராப்பு போய்விடும். ஆப்பசைத்த குரங்காக மாட்டிக்கொண்டான்.

மூன்றாவது ஞாயிறு இருபத்து மூன்று பேர் போனார்கள். டம்ளர் தட்டுப்பாட்டில் பெர்ட்டுக்குப் பூப்போட்ட தேநீர்க் கோப்பையில் பீர் வந்தது. ஒரு வருஷமாகக் கூட்டாளிக்கு நடந்த அவமானத்துக்கு வராத ரோஷம், அந்தக் கோப்பையைக் கண்டதும் அவனுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நிறுத்துய்யா உன் கூத்தை, நான் என்ன டீ குடிக்கவா வந்தேன்?" என்று கத்தினான். மற்ற வெள்ளைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். நியாயத்துக்காக இல்லை, பீருக்காக.

பர்ஸ்லோ எஸ்மண்ட் குடித்து வைத்த டம்ளரைக் கையில் எடுத்தான். வாளியைப் பார்த்தான். பிறகு தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, அதிலேயே பெர்ட்டுக்குப் பீர் ஊற்றினான். பெர்ட் மடக்கு மடக்கென்று குடித்தான். எஸ்மண்டுக்கும் அப்படியே வேறொரு டம்ளரை முக்கி ஊற்றி வைத்தான். எஸ்மண்ட் கை நீட்டினான். அவன் எடுப்பதற்குள் ஐசில்டா அதை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். விளிம்பில் யாரோ ஒரு வெள்ளைக்காரியின் உதட்டுச் சாயம் ஒட்டியிருந்தது.

பீரை வாளியில் கொட்டிவிட்டு வெறும் டம்ளரை பர்ஸ்லோ பக்கம் தள்ளினாள்.

"எவ வாய் வச்சதோ இது. சோப்புப் போட்டுக் கழுவிக் குடு."

பர்ஸ்லோ கழுவினான். அவள் போதும் என்று சொல்லும்வரை கழுவினான்.