டொனாடோவின் சாவு ஊர்வலம்

மரிலேனா எழுதியதைப் படிக்காதவர் அவள் ஊரில் ஒருவரும் இல்லை. நாவல்களை எங்கே படித்தார்கள்! படித்ததெல்லாம் சுவரில் ஒட்டும் சாவு அறிவிப்புகளைத்தான்.

தெற்கு இத்தாலியின் மலையூரான மொந்தெஸ்கூரோவில் யாராவது கண்ணை மூடினால், மறுநாள் காலை கறுப்புக் கட்டம் போட்ட தாள் மூலைக்கு மூலை ஒட்டியிருக்கும். அதை அச்சடிப்பது அவள் அப்பாவின் அச்சகம். பள்ளிப் படிப்பு முடிந்ததும் அங்கே உட்கார்ந்தவள், வழக்கமான வரிகளுக்கு நடுவே சொந்தமாக ஒன்றை நுழைப்பாள். யாருக்குமே பிடிக்காத தபால்காரர் ஒருவர் செத்தபோது, 'இவரைக் கண்டு எந்த நாயும் குரைத்ததில்லை' என்று போட்டாள். வீட்டார் சண்டைக்கு வருவார்கள் என்று அப்பா நடுங்கினார். அவர்களோ அந்தத் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டினார்கள். தனக்கு எழுத வரும் என்பதில் அதன்பின் அவளுக்குச் சந்தேகமே வந்ததில்லை.

முதல் நாவலை மிலான் பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. மூக்கைச் சிந்திக்கொண்டு உட்காராமல் அடுத்ததை ஆரம்பித்தாள். அதைப் பக்கத்து நகரத்துச் சின்னப் பதிப்பாளர் ஒருவர் போட்டார். மூன்றாவதற்கு மிலானே தேடி வந்தது, பரிசும் வந்தது. பரிசு வாங்கிய மறுநாளும் அச்சகத்தைத் திறந்தாள். சாகிறவர்கள் பரிசு விழாவைப் பார்த்தா சாகிறார்கள்?

வம்பு நான்காவது நாவலில் வந்தது. அதில் சாகும் கசாப்புக்காரர் சாட்சாத் எதிர்க்கடை டொனாடோதான். நடை, இருமல், வாடிக்கைக்காரர்களைத் திட்டும் அழகு எல்லாம் அப்படியே. பதிப்பகத்து வக்கீல் பயந்துவிட்டார். ஆளை ரொட்டிக்கடைக்காரராக மாற்ற வேண்டும், இல்லை டொனாடோவிடம் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும், இரண்டும் முடியாதென்றால் புத்தகம் வராது என்றார். மாற்ற மாட்டேன் என்று பட்டென்று சொல்லிவிட்டு, பிரதியைக் கொண்டுபோய் டொனாடோவின் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள் மரிலேனா.

ஊரே வேடிக்கை பார்க்கத் தயாரானது. படித்து முடித்த டொனாடோ, கதையில் தன்னைக் கொன்றுபோட்டதற்குக் கோபப்படவே இல்லை. உயிரோடு இருப்பவன் செத்ததாகப் பேச்சு வந்தால் ஆயுசு கூடும் என்பது அங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். சந்தோஷமாகத் தொத்திறைச்சி கூடக் கட்டிக் கொடுத்தார். அவரை உறுத்தியது வேறு.

"எல்லாம் சரி புள்ள. என் சாவுக்கு ஜெரார்டோ ஏன் வரல?"

ஜெரார்டோ அவர் தம்பி. அப்பாவின் ஆலிவ் தோப்பைப் பிரித்ததில் சண்டை. இரண்டு தெரு தள்ளி வீடு, ஆனால் பல வருடமாகப் பேச்சில்லை.

"அவர் வரமாட்டாரு, மாமா."

"உன் பேனாதானே? வர வச்சா என்ன கொறஞ்சு போகுது?"

"பொய்யாப் போயிடும். சந்தேகம்னா நீங்களே போய்க் கேட்டுப் பாருங்க."

இதைச் சொல்லும்போது அவள் குரல் கொஞ்சமும் தயங்கவில்லை. டொனாடோ ஏப்ரனைக் கழற்றி எறிந்தார், தலையைச் சீவிக்கொண்டு கிளம்பினார். காபிக்கடையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

போனவர் சீக்கிரமே திரும்பினார். தம்பி கதவைத் திறந்தாராம், யாரென்று பார்த்தாராம், சாத்திவிட்டாராம். அவ்வளவுதான். மரிலேனாவின் கணிப்பு இம்மியும் பிசகவில்லை. சரியாக எழுதியதற்காக அவள் முதல்முறையாக வருத்தப்பட்டாள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நீ எழுதினதுதான் சரி. எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார் டொனாடோ. போட்டு முடித்தும் பேனாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "ஒண்ணு மட்டும் செய். கதையில என் சாவு ஊர்வலத்துக் கூட்டத்தைக் கொஞ்சம் நெருக்கமா நிக்க வை. ஒரு ஆள் வராதது தெரியக் கூடாது."

வக்கீலுக்காக ஓர் எழுத்தைக்கூட மாற்றாதவள், அன்று மதியம் அச்சகத்தைப் பூட்டிவிட்டு எழுத உட்கார்ந்தாள். பக்கத்து ஊர் பேண்டுக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், டொனாடோ திட்டித் துரத்திய வாடிக்கைக்காரர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் ஊர்வலத்தில் சேர்த்தாள். தம்பியே வந்திருந்தாலும் நிற்க இடம் இருந்திருக்காது.