கடைசி ரீல்

கீழ் கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் ராக்கம்மாவுக்குப் பிள்ளைக் காம்பராவில் ஆயா வேலை. தாய்மார் கொழுந்து பறித்துத் திரும்பும்வரை குழந்தைகளை மேய்க்க வேண்டும். அது போதாதென்று இன்னொரு வேலையும் அவள் தலையில் விழுந்திருந்தது. முன்பொரு தடவை எஸ்டேட்டில் பேய்ப் படம் போட்டு, பயந்துபோன பிள்ளைகள் தாய்களை விடாமல் கட்டிக்கொண்டு அழ, பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. கொழுந்து குறைந்ததும் மேனேஜர் துரைக்குப் பிள்ளைகள் மேல் எங்கிருந்தோ பாசம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அன்றிலிருந்து எந்தப் படமானாலும் முதலில் ராக்கம்மா பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

கடைசி ரீலை மட்டும் அவள் பார்க்க மாட்டாள். "பயங்காட்டுறதெல்லாம் முன்னுக்கே வந்துருமுங்க. கடைசில எல்லாரும் ஒண்ணு சேந்துருவாங்க. அதுக்கு எந்தப் புள்ள பயப்படப் போகுது?" என்பாள்.

அவளிடம் வளர்ந்த பேச்சி, அக்கா மாரியாயியின் மகள். எண்பத்து மூன்றில், அவர்கள் அப்போது இருந்த இலங்கையில் கலவரம் வந்தபோது, "நீ இவளக் கூட்டிட்டு முன்னால போ, நாங்க அடுத்த கப்பல்ல வந்துர்றோம்" என்று ஒப்படைத்த அக்கா வரவேயில்லை. கப்பலையே நிறுத்திவிட்டார்கள். கடுதாசியும் நின்றுபோனது. இதையெல்லாம் ஒரு குழந்தையிடம் எந்த வாயால் சொல்வது? கப்பல் பழுதாகிக் கிடக்கிறது, சரிசெய்ய ஆளில்லை என்று சொல்லிவைத்தாள். அழுது அழுது, ஒருவழியாகப் பேச்சி கேட்பதை விட்டிருந்தாள்.

மூன்று வருஷம் கழித்து வெல்ஃபேர் ஆபீசர் பாலசுப்பிரமணியம் விண்வெளிப் படம் ஒன்று கொண்டுவந்தார். மூன்று கண் பூதங்கள், வேறு நட்சத்திரத்தில் மாட்டிக்கொண்ட தாய், பாதி வழியில் உடைந்து விழுந்த ஆகாயக் கப்பல். வழக்கம்போலக் கடைசி ரீல் நீங்கலாக ராக்கம்மா பார்த்து முடித்தாள்.

"ஏனுங்க ராக்கம்மா, புள்ளைங்க பார்க்கலாமுங்களா?"

"தாராளமாப் பாக்கலாங்க. பூதத்தப் பாத்தா சிரிக்கத்தான் செய்யும்."

சாயங்காலம் மைதானத்தில் படம் ஓடியது. பேச்சி முன்வரிசையில் இருந்தாள். கடைசி ரீலில், அவள் வயதுச் சிறுமி ஒருத்தி கம்பியும் குறடும் வைத்துக் கப்பலைச் சரிசெய்து, ஓட்டிப்போய்த் தாயைக் கூட்டிவந்துவிட்டாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். பேச்சி தட்டவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது பேச்சி கேட்டாள். "சின்னம்மா, ஒரு புள்ளயே கப்பலச் சரிபண்ணுது. நம்ம கப்பலுக்கு இத்தன நாளா ஒரு ஆளு கெடைக்கலயா?"

"அது சினிமா கண்ணு. எல்லாம் பொய்."

"அப்ப நீங்க சொன்னது?"

பேச்சி அவள் கையை விட்டுவிட்டு முன்னால் நடந்தாள்.

மறுநாள் தாய்மார் ஒருவர் பாக்கியில்லாமல் வேலைக்கு வந்திருந்தார்கள். ஆபீசருக்கு முகமெல்லாம் பல். "புள்ளைங்க யாரும் பயப்படலீங்களே?"

"இல்லீங்க," என்றாள் ராக்கம்மா. "பயந்திருந்தாத் தேவலைங்க."

அவர் அதை வேடிக்கைப் பேச்சென்று எடுத்துக்கொண்டு சிரித்தபடி போனார்.