பங்களாவுக்குள் போன மஞ்சள் துணி

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது எனக்கு நடந்தது. 1979 நவம்பர், மலேசியாவில் சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். என் பேர் பத்துமலை. பெரிய பங்களாவுக்கு ஜாகா, காவல் வேலை.

அதை ஒரு வெள்ளைக்காரத் துரை தன் ஊர் மாளிகை மாதிரியே கட்டினாராம். இந்த வெயிலில் குளிர்காய அடுப்பு வேறு. அவருக்குப் பிறகு, ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு, மலாய் ராஜ வம்சத்து அம்மா ஒருவர் குடியிருந்தார். அப்புறம் யாருமே அங்கே நிலைக்கவில்லை.

அன்று மாலை என் மூன்று வயது மகள் பாப்பாவுக்கு ஜுரத்தில் இழுப்பு வந்துவிட்டது. என் மனைவி நல்லம்மாள் நிறைமாதக்காரி. அழுதுகொண்டே மாரியம்மனுக்கு நேர்ந்து, மஞ்சள் துணியின் முனையில் காசு முடிந்து பிள்ளைக்குச் சுற்றினாள். பங்களா போனில் ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டேன். நாங்கள் குடியிருந்த லயத்துப் பாதை சேறு, கார் வராது, பிள்ளையோடு பங்களாவில் காத்திரு என்றார்கள்.

மணி 6.20. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு ஹாலில் நின்றேன். வெளியே கொட்டுகிற மழை. பிள்ளை உடம்பு கொதித்தது.

6.35. மாடியில் ஒரு கதவு திறந்தது. பூட்டிய அறை... சாவி என் இடுப்பில்.

படியில் பட்டு உரசும் சத்தம். சர்... சர்... ஆள் இல்லை.

பாப்பா கண் திறந்தாள். என் தோளுக்குப் பின்னால் பார்த்துச் சிரித்தாள்.

"அந்தம்மா கூப்புடுறாங்கப்பா. நான் போறேன்."

துணியின் முனை விறைத்தது. யாரோ இழுக்கிறார்கள்...

கையில் பிள்ளையின் கனம் குறைந்துகொண்டே வந்தது.

"வேண்டிப் பெத்த புள்ளம்மா... விட்டுடுங்க."

விடவில்லை.

சாமிக்கு நேர்ந்த துணி. அவிழ்த்தால் குற்றம். அவிழ்த்துவிட்டேன்.

அது கீழே விழவில்லை. படியேறிப் போனது.

வாசலில் ஹாரன். 6.50.

பாப்பா பிழைத்துக்கொண்டாள். மூன்றாம் நாள், அந்த அம்மாவிடம் சமையல்காரராக இருந்த கிழவர் ராமையாவிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அந்த வீட்டுல மஞ்ச ஆகாது லா, பத்துமலை. ராஜா வீட்டுப் புள்ளைக்குத்தான் அந்தக் கலரு. அவங்க மகளும் ஜுரத்துலதான் செத்துச்சு."

பங்களாவின் பின்புறம் கூட்டிப்போய்ப் புதரை விலக்கினார். ஒரு சின்னக் கல்லறை. கல்லைச் சுற்றி எங்கள் துணி, காசு முடிச்சோடு.

பக்கத்தில் புதிதாக வெட்டிய ஒரு குழி. தோட்டத்தில் யாரும் அதை வெட்டவில்லை. அத்தனை மழையிலும் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

அளந்து பார்த்தேன். பாப்பாவின் நீளம்தான் இருந்தது.