கத்திரிப்பூ நிறத் தூண்கள்

வீடு கட்டப் போகிறோம் என்றதும் ஒப்பந்தக்காரர் நாலைந்து படங்களை மேசையில் விரித்துக் காட்டினார். நான் ஒன்றையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. எனக்கு வேண்டிய வீடு எட்டு வயதிலேயே என் மனதில் கட்டி முடிந்திருந்தது. நியாலாஸ் பக்கம் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தின் துரை பங்களாதான் அது. வெள்ளைச் சுவர், பச்சை அடித்த மரச் சன்னல்கள், முன்வாசலில் இரண்டு உருண்டைத் தூண்கள், ஏறிப் போக அகலமான மூன்று படிகள். துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவர்கள் போய் வெகு காலம் ஆகியிருந்தது. ஊர்க்காரர்தான் மானேஜர். ஆனாலும் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் எங்களுக்குத் துரைதான்.

அப்பா காலையில் பால்மரம் வெட்டுவார், ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்கிற வேலை. மத்தியானத்துக்கு மேல் பங்களாவில் தோட்ட வேலை. பள்ளி விட்டதும் நானும் அங்கே போய்விடுவேன். பின்பக்கக் கேட்டு வழியாக நுழைந்து சமையலறைப் படியில் உட்கார்ந்தால், சமைக்கிற பெரியம்மா ஜாம் தடவிய ரொட்டி ஒன்று கொடுப்பார். திறந்திருக்கும் கதவு வழியே பார்த்தால் நீளமான நடை தெரியும், அதன் கடைசியில் முன்கூடத்துத் தரை பளபளவென்று மின்னும். அந்தத் தரையில் ஒரே ஒரு தடவை சறுக்கி விளையாட வேண்டும் என்று ஆசையாக இருக்கும். இப்படி ஒரு வீடு கட்டி அப்பாவை அதில் ராஜா மாதிரி உட்கார வைப்பேன் என்று ரொட்டியைத் தின்றுகொண்டே சபதம் எடுத்த நாட்கள் எத்தனையோ.

சபதத்தை நிறைவேற்ற நாற்பது வருடம் ஆனது. நான் பத்து பெரண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், என் வீட்டுக்காரர் லோரி ஓட்டுகிறார். இரண்டு பேரும் சேர்ந்து சிம்பாங் அம்பாட்டுக்கு வெளியே ஒரு துண்டு நிலம் வாங்கி, பங்களாவைப் பாதியாகச் சுருக்கியது போல ஒரு வீட்டைக் கட்டினோம். தூண், படி, பச்சைச் சன்னல், எதையும் விடவில்லை. பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லாம் வாசலில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அம்மா போன பிறகு அப்பா தோட்டத்தில் தம்பியோடு இருந்தார். இனிமேல் இங்கேதான் இருக்க வேண்டும் என்று நான் மல்லுக்கு நின்றேன். அவர் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

“உன் வீட்டுல தீபாவளி வரைக்கும் இருக்கேன்மா. மனசு ஒட்டுச்சின்னா இருக்கேன். ஒட்டலன்னா தம்பி வந்து ஏத்திக்கிட்டுப் போவட்டும்.”

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் அப்பாவுக்கு மனசு ஒட்டுகிற மாதிரி வீட்டை ஆக்கிக் காட்ட வேண்டும். இதுதான் எனக்கு வந்த கவலை. ஏனென்றால் எனக்கே அந்த வீடு இன்னும் ஒட்டவில்லை. பேசினால் எதிரொலித்தது. எங்கே பார்த்தாலும் சிமெண்டு வாடை. வீட்டுக்குக் களை வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினேன். பூப்போட்ட திரைச்சீலை, பெரிய சோபா, தண்ணீர் கேட்காத பிளாஸ்டிக் ஆர்கிட், குதிரைகள் ஓடுகிற படம் ஒன்று. எங்கள் வீட்டில் யாரும் குதிரையில் ஏறியதில்லை, ஏன் வாங்கினேன் என்று இன்றைக்கும் தெரியாது. எல்லாவற்றையும் வைத்து முடித்ததும் வீட்டுக்காரர் சுற்றிப் பார்த்துவிட்டு, “பெர்னிச்சர் கடையில உக்காந்திருக்க மாதிரி இருக்குலா, யாராச்சும் வந்து விலை கேக்கப் போறாங்க” என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

அப்பா அந்தச் சோபாவில் உட்காரவே இல்லை. பின்கட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுக்கொண்டார். தட்டையும் அங்கேயே எடுத்துப் போய்ச் சாப்பிட்டார். கூப்பிட்டால், “இங்கதான்மா காத்து வருது” என்பார். மூன்றாவது வாரம்தான் இன்னொன்று என் கண்ணில் பட்டது. அவர் முன்வாசல் வழியாக ஒரு தடவை கூட வந்ததில்லை. டவுனுக்குப் போய்த் திரும்பினாலும், கோயிலுக்குப் போய்த் திரும்பினாலும், கேட்டைத் திறந்து, சுவரோரமாக வீட்டைச் சுற்றிக்கொண்டு, பின்பக்கக் குழாயில் கால் கழுவித்தான் உள்ளே வருவார். யோசித்துப் பார்த்தால், பால் காய்ச்சிய அன்றும் அவர் பின்பக்கமாகத்தான் வந்திருக்கிறார். சாக்கடையைப் பார்க்கப் போனார் என்று நாங்கள் நினைத்திருந்தோம்.

கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருந்தது. காலெல்லாம் மண்ணு என்றார். முன்வாசலில் கால்மிதி வாங்கிப் போட்டேன். செருப்பு பின்னாடி கிடக்கிறது என்றார். முன்னால் செருப்பு அலமாரி வைத்தேன். அப்புறம் பதில் சொல்வதை நிறுத்திவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் அவனவன் அப்பாவை முதியோர் இல்லத்தில் விடுகிறான், நான் மாளிகை கட்டி வைத்துக் கெஞ்சுகிறேன் என்று பாத்திரங்களிடம் சொல்லிப் புலம்பினேன்.

ஒரு சனிக்கிழமை காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வீடு திரும்பினேன். நல்ல மழை பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. பின்கட்டில் கூரை ஓரமாக அப்பா நின்றுகொண்டிருந்தார். சட்டை முழுவதும் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, பல் தந்தியடித்தது. காற்றில் பின்கதவு அடித்துப் பூட்டிக்கொண்டதாம். பன்னிரண்டு மணியிலிருந்து அங்கேயே நின்றிருக்கிறார்.

“முன்கதவுச் சாவிதான் குடுத்திருக்கேனே, எங்கப்பா அது?”

சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். சாவி அதில்தான் இருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் மரியாதையெல்லாம் பறந்துபோனது. மழையில் செத்துப்போனால் ஊர் என்னைத்தானே காறித் துப்பும் என்று கத்தினேன். அவர் தலையைத் துவட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். நான் மூச்சு வாங்குவதற்காக நிறுத்தியபோது மெதுவாகச் சொன்னார்.

“படிகிட்ட வரைக்கும் போனேன்மா. கால் ஏற மாட்டேங்குது. நீ கட்டியிருக்கிறது பங்களாம்மா. அதே தூணு, அதே பச்சைப் பலகை. முப்பது வருசம் அந்தத் தூணுக்குக் கீழ தண்ணி ஊத்துனவன் நானு. ஒரு நா அந்தப் படியில காலு வச்சதில்ல.”

“அது துரை வீடுப்பா. இது உங்க மக வீடு.”

“எனக்குத் தெரியுதும்மா. காலுக்குத் தெரியலையே.”

நான் அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது. நான் ஆசைப்பட்டது அந்தப் பளபளப்புக்கு. அதே வீட்டில் அப்பா முப்பது வருடம் எப்படி நின்றார் என்பதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. ரொட்டி தின்ற பிள்ளைக்கு அது எங்கே தெரியும்? எந்த வீட்டின் வாசலில் அவர் குனிந்தே நின்றாரோ, அதே வீட்டைத் தேடிப் பிடித்துக் கட்டி, இதில் இருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.

அன்று மாலை வீட்டுக்காரரிடம் தூண்களை இடித்துவிடலாம் என்றேன். “தாராளமா இடி, கூரை உன் தலையிலதான் வுழும்” என்றார். கிண்டல் செய்தாலும் அவர்தான் ஒரு வழியும் சொன்னார்.

“சாயத்தையாவது மாத்து. மாமாவையே கேளு, என்ன கலர் வேணும்னு.”

இது எனக்குத் தோன்றவே இல்லை. தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளில் வருடம் தவறாமல் தீபாவளிக்கு முன்னால் கம்பெனி ஆட்கள் வந்து எல்லா வீட்டுக்கும் ஒரே சுண்ணாம்பை அடித்துவிட்டுப் போவார்கள். என்ன நிறம் வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. எழுபத்து நான்கு வயதில் என் அப்பா ஒரு சுவரின் நிறத்தைக் கூடத் தேர்ந்தெடுத்தவர் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அவரைச் சிம்பாங் அம்பாட் டவுனில் ஒரு சாமான் கடைக்குக் கூட்டிப் போனேன். கடைக்காரப் பெண் நிற அட்டைகளை விசிறி போல விரித்து வைத்தார். “உன் இஷ்டம்மா, உன் வீடு” என்று அப்பா நகர்ந்து போய் ஆணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் விடவில்லை. நீங்கள் சொல்லாமல் இந்தக் கடையை விட்டு நகர மாட்டேன் என்று அங்கே கிடந்த ஒரு சாயத் தகரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டேன். கடைசியில் வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு நிறத்தின் மேல் விரலை வைத்தார். கத்திரிப்பூ நிறம். அதிலும் நல்ல அழுத்தமானது. அம்மாவின் கல்யாணச் சேலை அந்த நிறம்தான் என்றார்.

தொழிற்சாலையில் என்ன சொல்வார்கள், எதிர்வீட்டில் என்ன சொல்வார்கள் என்று எனக்குள் ஒரு பக்கம் அலறியது. வாயை மூடிக்கொண்டு தகரங்களைக் காரில் ஏற்றினேன்.

சுவருக்கு ஆள் வைத்தோம். தூண்களை மட்டும் தானே அடிப்பதாக அப்பா சொன்னார். தூணுக்குச் சாயம் அடிக்க வேண்டுமென்றால் படியில் ஏறித்தான் ஆக வேண்டும். இதை நான் திட்டம் போட்டுச் செய்தேன் என்று சொன்னால் பொய். அவர் தூரிகையோடு படிக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்றதைச் சன்னலுக்குப் பின்னால் ஒளிந்து பார்த்தபோதுதான் எனக்கே அது உறைத்தது. முதல் நாள் கீழ்ப்படியில் நின்றுகொண்டே கையை எட்டி எட்டி அடித்தார். இரண்டாவது நாள் மேலே ஏறிவிட்டார். வேலை என்று வந்துவிட்டால் அப்பாவுக்கு வேறு எதுவும் நினைவிருக்காது. மூன்றாவது நாள் கால் கடுத்ததோ என்னவோ, நடுப்படியில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். உள்ளங்கால், வேட்டி, கால்மிதி எல்லாம் கத்திரிப்பூ. நான் ஒரு வார்த்தை பேசவில்லை, பேசினால் எழுந்து பின்பக்கம் போய்விடுவாரோ என்று பயம்.

அப்பா காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த வாரம்தான். வீட்டில் முறுக்கு சுட்ட எண்ணெய் வாடையும் சாயத்தின் வாடையும் கலந்து கிடந்தன, வழியில் போகிறவர்கள் மோட்டாரை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்தார்கள், அப்பா தூரிகையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தார். ஆனாலும் தீபாவளி முடிந்து தங்குவாரா, கிளம்புவாரா என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமும் இல்லை. பண்டிகையன்று காலையில் காரோடு வருவதாகத் தம்பி போன் செய்திருந்தான்.

தீபாவளிக்கு முதல் நாள் நான் சமையலறையில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். கேட்டில் யாரோ கூப்பிடும் சத்தம். எட்டிப் பார்த்தேன், சுகாதார இலாகா சீருடையில் ஒரு மலாய்க்கார இளைஞர். தேங்கிய தண்ணீரில் கொசுப் புழு இருக்கிறதா என்று வீடு வீடாகப் பார்த்து வருகிறார் போலிருக்கிறது. வீட்டுச் சொந்தக்காரர் யார் என்று மலாயில் கேட்டார்.

கையில் ஒட்டிய மாவை வழித்துக்கொண்டு நான் வெளியே வருவதற்குள் படியிலிருந்து அப்பாவின் குரல் கேட்டது.

“சாயா லா.”

நான்தான் என்கிறார். நான் நடையிலேயே நின்றுவிட்டேன். அப்பா கேட்டைத் திறந்து அந்த இளைஞரை அழைத்துக்கொண்டு மூன்று படிகளையும் ஏறி, முன்வாசல் வழியாக உள்ளே வந்தார். “மாசோக், மாசோக்”, உள்ளே வாங்க வாங்க என்று சோபாவைக் காட்டினார். வந்தவர் தயங்கியதும், நாளைக்குப் பெருநாள், ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று தன் மலாயில் வற்புறுத்தித் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்புறம் சமையலறைப் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னார்.

“ஏம்மா, நம்ம வீட்டுக்கு ஆளு வந்திருக்காரு. தேத்தண்ணி போடு. அந்தப் புது முறுக்கையும் எடுத்தா.”

எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுப்பில் தண்ணீரை வைத்தேன். புது முறுக்கை எடுத்துத் தட்டில் அடுக்கினேன்.