மாதா கோயிலின் பின்சுவர்

ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்ததும், தெருவோரம் பூசிக்கொண்டிருந்த புதுச்சுவரைத் தொடப்போன மகளின் கையைப் பதறிப் பிடித்துக்கொண்டேன்.

வயல் நடுவே எங்கள் குடும்பத்துக்கென்று இருந்த சிறிய மாதா கோயிலில், குனிந்தே நுழையும் வளைவு வாசலும், நீலக் கண்ணாடிச் சன்னலும், அடைமழையில் வியர்க்கும் சுவர்களும் உண்டு. வீட்டில் பிறக்கும் குழந்தையின் உள்ளங்கையைப் பீடத்தின் பின்னால் ஈரப்பூச்சில் பதிப்பார்கள். ஒரு வயதுகூட ஆகாமல் காய்ச்சலில் போன என் தம்பிக்குப் புகைப்படம் இல்லை. அந்தக் கைதான் மிச்சம். திருவிழாவுக்கு வெள்ளையடிக்கையில் அப்பா அதை மட்டும் விட்டுவிடுவார்.

நான் எட்டாவது படிக்கையில் சாலைக்காகக் கோயிலை இடித்தார்கள்.

“அந்தத் துண்ட மட்டும் வெட்டிக் குடுங்க மேஸ்திரி,” என்றார் அம்மா.

“சுண்ணாம்புச் சுவருங்கம்மா, வெட்டுனா உதிர்ந்துடும்.”

“பாத்து வெட்டுங்க.”

அம்மா முந்தானையை விரித்துப் பிடித்தார். மேஸ்திரி அள்ளிப் போட்ட பொடியில் எது சுவர், எது கை என்று தெரியவில்லை.